தலைப்பிலிருந்து தப்பியோடிய எலி

முதுமை, மறதி, மூளை நலம் பற்றித் தமிழில் எழுதுகிற, பேசுகிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்





மறதியை விரட்டும் ஊசி, மூளையை இளமையாக்கும் பழம், எழுபதிலும் இருபதின் ஞாபகசக்தி. வாரத்துக்கு ஒன்றாவது இப்படி ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அதைக் கத்தரித்து டைரிக்குள் வைத்துக்கொள்கிறார். அவருடைய மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். நாலு நாள் கழித்து மருந்துக்கடையில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். செய்தியின் கடைசிக்கு முந்தைய பத்தியில், இருந்தால், ஒரு வரி இருக்கும்: ஆய்வு சுண்டெலிகளிடம் நடந்தது. யூடியூப் பேச்சென்றால் அந்த ஒரு வரியும் இருக்காது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதிய மடல் அல்ல இது. ஆங்கிலப் பத்திரிகைகளும் இந்த விஷயத்தில் சளைத்தவை அல்ல. 2019இல் ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு கணக்குத் தொடங்கினார். பரபரப்பான மருத்துவச் செய்திகளைப் பகிர்வார். மேலே ‘சுண்டெலிகளில்’ என்று மட்டும் எழுதுவார். வேறு விமர்சனம் கிடையாது. அதற்கே பல்லாயிரம் பேர் கூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மார்சியா ட்ரையுன்ஃபால், ஃபேபியோ கோவேயா என்ற இருவர், சுண்டெலிகளை வைத்து நடந்த 623 அல்சைமர் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே சுண்டெலி விடுபட்டிருந்தால், அதைப் பற்றிய செய்தியின் தலைப்பிலும் பெரும்பாலும் அது விடுபட்டிருந்தது. ஆக, எலியை முதலில் தப்பவிட்டவர் பல நேரங்களில் ஆய்வாளரேதான்.

ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எலியை நீக்கும்போது உண்மை குறைவதோடு கதையும் கெட்டுப்போகிறது. வயதாக ஆக மூளையின் வேதியியல் என்ன ஆகிறது என்பதில் இன்று தெரிந்திருக்கும் பெரும்பகுதி, கூண்டுக்குள் கிழடுதட்டிய பிராணிகள் சொன்னது. அவை என்ன சொல்லின, எந்த நிலையில் இருந்து சொல்லின என்று எழுதினாலே வாசகர் விடாமல் படிப்பார்.

முதலில் வயதை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது சி57 பிளாக் 6 என்ற கறுப்புச் சுண்டெலி. கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பவர் 1921இல் உருவாக்கிய வம்சம். 1929இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவியவரும் அவரே. உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததால் இந்தச் சுண்டெலிகள் மரபணுவில் ஏறத்தாழ ஒரே அச்சு. இரண்டு, இரண்டரை ஆண்டு வாழும். ஜாக்சன் ஆய்வகத்தின் கணக்கில் 3 முதல் 6 மாதச் சுண்டெலி, இருபதிலிருந்து முப்பது வயது மனிதருக்குச் சமம். 10 முதல் 14 மாதம் என்றால் நாற்பதை ஒட்டிய நடுவயது. 18 முதல் 24 மாதம் என்றால் 56 முதல் 69 வயது.

எனவே ‘வயதான சுண்டெலி’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தால் மாதக்கணக்கைத் தேடிப் பாருங்கள். ஒரு வயதுச் சுண்டெலியையே கிழம் என்று சொல்லி ஒப்பேற்றும் கட்டுரைகளும் உண்டு. காரணம், பணம். இரண்டு ஆண்டு தீனி போட்டு, கூண்டு கழுவி, தொற்று வராமல் காத்து நிற்க வேண்டும். அதற்குள் கணிசமானவை செத்தும் போகும். பட்டத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவருக்கு இது கட்டுப்படியாகாது. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் முதிய எலிகளையும் சுண்டெலிகளையும் தனியாக வளர்த்து ஆய்வகங்களுக்குக் கொடுத்துவருவது இதனால்தான்.

கறுப்புச் சுண்டெலியிடம் இன்னொரு சங்கதி. வயது ஏற ஏற அதற்குக் காது மந்தமாகிவிடும். பிறவியிலேயே ஒரு மரபணுவில் உள்ள கோளாறு. ஓர் ஒலியைக் கேட்டதும் ஷாக் அடிக்கும் என்று அதற்குப் பழக்கி, மறுநாள் அதே ஒலியை எழுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இளசு உறைந்து நிற்கிறது. கிழம் கவலையில்லாமல் முகர்ந்துகொண்டு திரிகிறது. மறந்துவிட்டதா, கேட்கவே இல்லையா? அதேபோல் வெள்ளை எலிகளுக்குக் கண்பார்வை மட்டம். பிராணியின் நினைவைச் சோதிக்கப் போகிறவர், அதற்கு முன் அதன் காதையும் கண்ணையும் சோதித்தாக வேண்டும்.

நல்ல ஆய்வகங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்க்க, ரிச்சர்ட் மோரிஸ் ஸ்காட்லாந்தில் 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்த நீர்த்தொட்டிச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஆள் படுத்தால் கால் தட்டாத அகலத்தில் ஒரு வட்டத் தொட்டி. தண்ணீரில் பால்பவுடரோ வெள்ளைச் சாயமோ கரைத்துக் கலங்கலாக்கியிருப்பார்கள். நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே எங்கோ ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடை. எலியைச் சுவரைப் பார்த்தபடி விளிம்பில் இறக்கிவிடுவார்கள். முதல் தடவை அது சுவரை ஒட்டியே சுற்றும், குறுக்கே நீந்தும், தற்செயலாகக் கால் மேடையில் தட்டும். ஏறி நின்று, மூக்கைத் தூக்கி, அறையை ஒரு நோட்டம் விடும். சுவரில் ஒட்டிய படம், கதவு, விளக்கு எல்லாம் அதற்கு அடையாளம். சில நாள் பழகிய இளம் எலி, எந்தப் பக்கம் இறக்கினாலும் நேராக மேடைக்குப் போய்விடும். கிழட்டு எலிகளில் சில இன்னும் வட்டமடித்துக்கொண்டிருக்கும். பிறகு மேடையைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்து ஒரு சுற்று நடத்துவார்கள். தெரிகிற மேடைக்கு நேராகப் போய், மறைந்த மேடையைத் தேடித் திணறும் எலிக்குத்தான் நினைவுக் குறை இருக்கிறது; கண்ணிலோ காலிலோ குறை இல்லை.

‘கிழட்டு எலிகளில் சில’ என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மிஷெலா கலாகர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் இந்தத் தொட்டியில் பல ஆண்டுகளாக லாங்-எவான்ஸ் என்ற வகை எலிகளை நீந்தவிட்டவர். ஒரே வயது, ஒரே தீனி, ஒரே மாதிரிக் கூண்டு. ஆனாலும் ஏறத்தாழப் பாதிக் கிழங்கள் இளசுகளுக்கு ஈடாக நீந்தின, மீதிதான் தடுமாறின. 1996இல் பீட்டர் ராப் என்பவருடன் சேர்ந்து அவர் ஒரு வேலை செய்தார். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்புச் செல்கள் எத்தனை இருக்கின்றன என்று, அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்த துல்லியமான முறையில் எண்ணினார்கள். முதுமை என்றாலே மூளைச் செல்கள் கொத்துக்கொத்தாகச் சாவது என்ற நம்பிக்கை அதுவரை வலுவாக இருந்தது. எண்ணிக்கையோ வேறு சொன்னது. தடுமாறிய எலிகளிலும் செல்கள் குறையவில்லை. தினமும் இத்தனை ஆயிரம் மூளைச் செல்கள் சாகின்றன என்ற பழைய கணக்கு இன்னும் உங்கள் பக்கங்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செல் அங்கேயே இருக்கிறது என்றால் கெட்டது எது? செல்லுக்குச் செல் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருட்களும், அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும், செல்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளும்.

அதிலும் எல்லாம் ஒரே திசையில் தேய்வதில்லை. கலாகரின் தடுமாறும் எலிகளில் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதி தேவைக்கு மேல் துடித்துக்கொண்டிருந்தது. அடக்கிவைக்க வேண்டிய செல்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யாததால் வந்த வினை. முதுமையில் மூளை மந்தமாகிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது அந்த எலிகளின் நினைவு தேறியது. இது 2010இல் வந்தது. 2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், லேசான நினைவுக் குறை உள்ள மனிதர்களிடமும் அதே மிகைத் துடிப்பை ஸ்கேனில் பார்த்து, அதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து, அது தணிவதைக் காட்டினார்கள். சிறிய, குறுகிய கால ஆய்வு. இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரை வாங்கப் போய்விடாதபடி எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.

இனி டோபமைன். கை கால் அசைவு, ஊக்கம், கவனம் எல்லாவற்றிலும் கைவைக்கும் வேதிப்பொருள் இது. 1970களிலும் 80களிலும் பால்டிமோரில் இருந்த முதுமை ஆய்வு மையத்தில் ஜார்ஜ் ராத், ஜேம்ஸ் ஜோசஃப், டொனால்ட் இங்கிராம் போன்றவர்கள், கிழட்டு எலிகளின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியை எடுத்து டோபமைன் ஏற்பிகளை அளந்தார்கள். வயதோடு அவை குறைந்துகொண்டே போயின. கடிதம் வருகிறது, கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆளில்லை என்பதுபோல் ஒரு நிலை.

1981இல் அந்தக் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. வயிறு நிறையத் தின்று வளர்ந்த எலிகளோடு, தீனியைக் குறைத்துக் கொடுத்த எலிகளை ஒப்பிட்டார்கள். 24 மாதத்தில், குறைவாகத் தின்றவற்றின் ஸ்ட்ரையேட்டத்தில் ஏற்பிகள் 50 சதவீதம் அதிகம்; 3 முதல் 6 மாத இளம் எலிகளுக்குச் சமம் என்றே சொல்லலாம். மூன்று ஆண்டு கழித்து, 1984இல், டீன் வோங் என்பவரும் கூட்டாளிகளும் பெட் ஸ்கேன் மூலம் உயிரோடிருக்கும் மனிதர்களின் மூளையிலேயே இந்த ஏற்பிகளை அளந்தார்கள். 19 வயதிலிருந்து 73 வயது வரை உள்ளவர்களிடம் அதே சரிவு. எலியில் பார்த்தது மனிதரிலும் அப்படியே தெரிந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆனால் பாதி மட்டுமே அப்படி: வயதோடு ஏற்பி குறைவது மனிதருக்கும் உண்மை. தீனியைக் குறைத்தால் அந்தச் சரிவு தள்ளிப்போகும் என்பது எலிக்குச் சொன்னது.

அதே ஜேம்ஸ் ஜோசஃப்தான் பிற்பாடு புளூபெரியை உலகப் புகழாக்கியவர். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வு மையத்துக்குப் போன அவர், பார்பரா ஷுகிட்-ஹேல் முதலானவர்களோடு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 19 மாத வயதான ஃபிஷர் 344 எலிகளுக்கு எட்டு வாரம் தீனியில் ஸ்ட்ராபெரி, ஸ்பினாச் கீரை, புளூபெரி இவற்றில் ஒன்றின் சாற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு மெல்லிய கம்பியின் மேல் நடக்கவிட்டார்கள். வேகம் கூடிக்கொண்டே போகும் உருளையில் ஏற்றிவிட்டு எப்போது விழுகிறது என்று பார்த்தார்கள். கிழட்டு எலி கம்பியில் ஏறியதுமே பின்னங்கால் வழுக்கித் தொங்கும். புளூபெரி தின்றவை கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தன. மூளைத் துண்டுகளில் டோபமைன் வெளிவருவதும் மேம்பட்டிருந்தது.

ஒரு பழத்துக்கு ‘மூளை உணவு’ பட்டம் கிடைத்த கதை இதுதான். மனிதர்களிடம் பிறகு நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகளும் கலவையானவை. இதில் வேடிக்கை என்னவென்றால், எலிகளிடம் பளிச்சென்று தெரிந்த முன்னேற்றம் கம்பியில் நடப்பதில்தான். வயதானவர் குளியலறையில் வழுக்காமல் நிற்பது பெயர் ஞாபகம் வருவதைவிடச் சின்ன விஷயமா? ஆனால் தலைப்புகளில் எல்லாம் ‘ஞாபகசக்தி’தான் வந்தது. விலை உயர்ந்த டப்பாப் பழத்தை நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைப்பவர்களுக்கும் அந்தச் சொல்தான் தோது.

அசெட்டைல்கோலின் கதை இன்னும் உபயோகமானது. ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபோலமைன் இந்த வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். ஊமத்தை தின்றவர் பிதற்றுவது அதனால்தான். 1970களில் ரேமண்ட் பார்ட்டஸ் என்பவர் இளம் ரீசஸ் குரங்குகளுக்கு ஸ்கோபோலமைன் கொடுத்துப் பார்த்தார். சற்றுமுன் கண்ட இடத்தை நினைவில் வைப்பதில் அவை கிழட்டுக் குரங்குகளைப் போலவே தடுமாறின. சுண்டெலிகளின் மூளையில் வயதோடு அசெட்டைல்கோலின் உற்பத்தியே குறைவதை கேரி கிப்சன் 1981இல் காட்டினார். இதையெல்லாம் கோத்து பார்ட்டஸும் கூட்டாளிகளும் 1982இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: முதுமை மறதிக்கு இந்த வேதிப்பொருளின் தட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம்.

அதிலிருந்து மருந்துகள் வந்தன. 1993இல் டாக்ரின், 1996இல் டொனெபெசில். இருக்கிற அசெட்டைல்கோலினைச் சீக்கிரம் உடையவிடாமல் தடுப்பது இவற்றின் வேலை. அல்சைமர் நோயாளிகள் பலருக்கு இன்றும் எழுதிக் கொடுக்கப்படும் டொனெபெசில், அறிகுறிகளை ஓரளவு தணிக்கும், நோயை நிறுத்தாது. தட்டுப்பாடு என்று கண்டுபிடித்தது சரி, அதை நிரப்பினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்ததுதான் அவசரம்.

ஆனால் இந்தக் குரங்குகளிடமிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடிய செய்தி ஒன்று உண்டு, அதை யாரும் தலைப்பாக்குவதில்லை. ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் என்று கேட்டவுடன் கிடைக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகளுக்கு, குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் போன்றவற்றுக்கு, அசெட்டைல்கோலினைத் தடுக்கும் குணம் உண்டு. ஏற்கெனவே அது குறைந்திருக்கும் வயதான மூளையில் அவை குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் கிளப்பலாம். மூத்தோருக்குத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இந்த வகை மாத்திரைகள் இருக்கின்றன. தாத்தா இரண்டு நாளாகத் தடுமாறுகிறார் என்றால், புதிதாக ஏதாவது மாத்திரை போட்டாரா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள் என எழுதினால், எத்தனையோ குடும்பங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

குரங்குகளோடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை வாழ்நாள் முழுக்க ஆராய்பவர். குரங்கின் முன் திரையில் ஓரிடத்தில் ஒரு புள்ளி மின்னி மறையும். சில வினாடி வெறும் திரை. பிறகு, புள்ளி இருந்த இடத்துக்குக் குரங்கு கண்ணைத் திருப்பினால் பழச்சாறு கிடைக்கும். அந்த வெறும் திரை வினாடிகளில் புள்ளியைப் பிடித்துவைப்பது நெற்றி மூளையின் சில செல்கள்; இடைவிடாமல் துடித்து அந்த நினைவை அணையாமல் காக்கின்றன. 2011இல் அவர் குழு நேச்சர் இதழில் காட்டியது, குரங்குக்கு வயதாக ஆக இந்தத் துடிப்பு தளர்கிறது என்பதை. செல்லுக்குள் ஒரு வேதிச் சமிக்ஞை மிஞ்சிப்போய், செல்லின் மேலுள்ள துவாரங்களைத் திறந்துவிடுகிறது. துடிப்பு அதன் வழியே கசிந்து வடிந்துவிடுகிறது. குவான்ஃபசின் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை அந்தச் செல்களுக்குப் பக்கத்தில் துளியாக விட்டதும் துடிப்பு மீண்டது.

மனிதர்களிடம் என்ன ஆயிற்று? ஆர்ன்ஸ்டன் 1985இலிருந்தே இந்தக் குடும்ப மருந்துகளைக் கிழட்டுக் குரங்குகளில் சோதித்துவந்தவர். அந்த வழியில் குவான்ஃபசின் 2009இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள குழந்தைகளுக்காக! 75 வயதைக் கடந்தவர்களிடம் அதே யேல் பல்கலைக்கழகம் 12 வாரம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டபோது, நினைவிலும் சிந்தனையிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கிழட்டுக் குரங்கு சொன்ன பாடம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பயன்பட்டது, தாத்தாவுக்குப் பயன்படவில்லை. இதைவிட நல்ல கதை கிடைக்குமா உங்களுக்கு? ஆனால் தோற்ற சோதனைக்கு யாரும் நாலு வரி ஒதுக்குவதில்லை.

ரத்தக் கதை உங்களுக்கே தெரியும். தமிழில் நிறையவே வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் சால் வில்லெடா, டோனி வைஸ்-கோரே குழு 2014இல் 18 மாதச் சுண்டெலிகளுக்கு 3 மாதச் சுண்டெலிகளின் பிளாஸ்மாவை மூன்று வாரத்தில் எட்டு முறை ஏற்றியது. கிழங்களின் நினைவு தேறியது. பிறகு அமெரிக்காவில் அம்ப்ரோசியா என்ற நிறுவனம் இளையவர்களின் பிளாஸ்மாவை லிட்டர் 8,000 டாலருக்கு விற்கக் கிளம்பியது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதற்குப் பயன் என்று நிரூபணம் இல்லை, ஆபத்து உண்டு என்று எச்சரித்தது, நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு வெளியான ஸ்டான்ஃபோர்ட் சோதனையில் அல்சைமர் நோயாளிகள் 18 பேருக்கு இளையவர்களின் பிளாஸ்மாவை ஏற்றினார்கள். பாதுகாப்பாக இருந்தது, நினைவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே அதிகம் பேர் கேட்காத ஒரு கேள்வி: ஒப்பிடுவதற்கு வைத்த ‘சாதாரண’ எலி எவ்வளவு சாதாரணம்? முன்னால் எப்போதும் தீனி, ஓட இடமில்லை, தேட ஒன்றுமில்லை, முட்டிமோத ஆளில்லை. மார்க் மேட்சனும் கூட்டாளிகளும் 2010இல் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆய்வகத்தின் ஒப்பீட்டு எலிகள் பெருத்து, சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றி, நோயாளி நிலையிலேயே இருக்கின்றன என்று. அப்படியானால் தீனியைக் குறைத்ததும் தேறிய எலி இளமைக்குத் திரும்பியதா, அல்லது சோம்பேறித்தனத்திலிருந்து மீண்டதா? 1981இன் டோபமைன் முடிவைக்கூட இந்தக் கேள்வியோடு திரும்பப் படிக்க வேண்டும்.

கூண்டை மாற்றினால் மூளையின் வேதியியல் மாறும் என்பது பழைய விஷயம். 1940களில் கனடாவின் டொனால்ட் ஹெப் தன் வீட்டில் சில எலிகளைச் செல்லப்பிராணிகளாக வளரவிட்டு, கூண்டு எலிகளைவிட அவை கெட்டியாகப் புதிர்ப்பாதையைக் கற்பதைக் கவனித்தார். 1960களில் பெர்க்லியில் மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெக், எட்வர்ட் பென்னெட் மூவரும் எலிகளுக்கு ஏணியும் சக்கரமும் விளையாட்டுச் சாமானும் கூட்டாளிகளும் கொடுத்து, மூளையில் அசெட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அளந்தார்கள். தனிக்கூண்டு எலிகளிலிருந்து அது வேறுபட்டது. அவர்களோடு சேர்ந்த மேரியன் டைமண்ட் மூளைப் புறணியின் தடிப்பையே அளந்து, அதுவும் கூடுகிறது என்றார். சரி, அது இளம் எலி. 1985இல் அவர் 766 நாள் ஆன கிழங்களை விளையாட்டுக் கூண்டில் விட்டு 904ஆம் நாளில் பார்த்தார். அப்போதும் புறணி தடித்திருந்தது. ஊசியோ மாத்திரையோ இல்லாத ஆய்வு என்பதால் அது தலைப்புக்கு ஆகவில்லை போலும்.

நம் பக்கத்துச் சரக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வல்லாரை பற்றி வருடத்துக்கு எத்தனை கட்டுரை எழுதுகிறீர்கள்! அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நோரா கிரே, அமலா சௌம்யநாத் ஆகியோர் இடம்பெற்ற குழு, வல்லாரைச் சாற்றைக் குடிநீரில் கலந்து வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்து 2018இல் முடிவை வெளியிட்டது. நினைவுச் சோதனைகளில் அவை முன்னேறின. ஹிப்போகாம்பஸில் நரம்பு இணைப்புகள் அடர்ந்திருந்தன. மகிழ்ச்சியான செய்திதான். எழுதுங்கள், ஆனால் சுண்டெலி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், தண்ணீரில் கலந்த சாறு என்று எழுதுங்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுகிற பாட்டிக்கு அதே அளவு சத்து போகிறது என்று அந்தச் சுண்டெலிகள் எங்கும் சொல்லவில்லை.

அடுத்து வரப்போகும் அலை குளோதோ. 1997இல் ஜப்பானின் மகோட்டோ குரோ-ஓ கண்டுபிடித்த புரதம். அது இல்லாத சுண்டெலி சீக்கிரமே முதுமைக் கோலம் கொள்கிறது. 2023இல் டெனா துபால் குழு சராசரி 22 வயதான ரீசஸ் குரங்குகளுக்கு, மனிதக் கணக்கில் அறுபதைத் தாண்டியவற்றுக்கு, இதை ஒரே ஒரு முறை தோலுக்கடியில் ஊசியாகப் போட்டது. வரிசையாக இருந்த குழிகளில் ஒன்றில் தின்பண்டத்தை வைத்து, எல்லாவற்றையும் மூடி, சற்று நேரம் கழித்துக் குரங்கைத் தேடவிட்டார்கள். ஊசி போட்டவை முன்னைவிடச் சரியாகத் தேர்ந்தெடுத்தன. அந்த முன்னேற்றம் குறைந்தது இரண்டு வாரம் நீடித்தது. குறைந்த அளவுதான் வேலை செய்தது. அளவைக் கூட்டியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் புரதம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேரடியாகப் பெரிய அளவில் நுழைவதில்லை என்பதால், நடுவில் யார் செய்தி கொண்டுபோகிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதத்தின் மேல் இப்போது சந்தேகம். இதைப் பற்றி எழுதும்போது குரங்கின் வயதையும், ஊசியின் எண்ணிக்கையையும், கூட்டிய அளவு உதவவில்லை என்பதையும் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் படிக்கும் வாசகர்